ஹட்டன் வங்கியில் இரண்டு பழனியம்மா

வெளிநாட்டில் வங்கிக் கணக்கு தொடங்க என்னென்ன வேண்டும் என்று கோத்தகிரியில் ஒரு மாதம் விசாரித்தேன். பாஸ்போர்ட், விசா, புகைப்படம், தங்கும் இடத்துக்கு அத்தாட்சி, கூடவே நிறையப் பொறுமை என்றார்கள். கடைசியில் சொன்னதைத் தவிர மற்றதையெல்லாம் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினேன். முப்பத்து நான்கு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நான். இருந்த பொறுமையையெல்லாம் வார்டிலேயே செலவழித்துவிட்டேன்.

வெளிநாடு என்று நான் சொல்வது இலங்கையில் இருக்கும் கொட்டகலையை. நான் பிறந்த ஊர் அது. பிறந்த ஊர்ப் பக்கம் வெளிநாட்டுக்காரியாகக் கணக்கு தொடங்கப் போகிறவளைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம். நானே சிரித்துக்கொண்டுதான் போனேன்.

இது என் மூன்றாவது பயணம். முதல் இரண்டு தடவையும் முப்பது நாள் விசா. இருபது நாள் அக்காவோடு பேசித் தீர்ப்பேன். மிச்சம் பத்து நாளும் போகணுமே, போகணுமே என்று சாப்பாடு இறங்காது. போன தடவை ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "இனிமே வந்தா போகாத மாதிரி வா. இல்லன்னா வராத."

கோத்தகிரியில் என் வீட்டைத் திறந்தால் எனக்காக இருப்பது டிவி ஒன்றுதான். கணவர் போய் நான்கு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. அரை லிட்டர் பால் மூன்று நாளைக்கு வரும். இந்நேரம் அக்கா என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைப்பதுதான் ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வேலை. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய வெளிநாட்டுக்காரர்கள் வருடக்கணக்கில் தங்குவதற்கு இலங்கையில் ஒரு விசா இருக்கிறது என்று யாரோ சொன்னதும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதற்கு அந்த நாட்டு வங்கியில் நம் பணத்தைக் கொண்டுவந்து போட ஒரு கணக்கு வேண்டும். அது ஆகிவிட்டால் மற்றது சுலபம் என்று கொழும்பில் சொன்னார்கள். மிச்ச காலத்தை அக்காவோடு கழித்துவிடலாம். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

திங்கட்கிழமை காலை. அக்காவின் மருமகள் சாந்தி, கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய்விட்டாள். ஆட்களை வரிசையில் நிறுத்தி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குப் பெயர் பெரட்டு. அக்காவின் மகன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான். அதனால் பகலில் அந்த லயத்து அறையில், தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகளில் ஒன்றில், நானும் அக்காவும்தான்.

அக்கா தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்த மாவில் ரொட்டி சுட்டாள். எங்கள் ஊர் சப்பாத்தி போல மூன்று சேர்ந்த கனம். தொட்டுக்கொள்ள மிளகாயை இடித்துச் செய்த கட்டா சம்பல். ஒன்றரை ரொட்டியில் எனக்கு வயிறு நிரம்பிவிட்டது. அக்கா மூன்றாவதைத் தட்டில் போட்டாள்.

"வேணாங்கா."

"பேங்க்ல எவ்வளவு நேரம் நிக்க வைப்பாங்களோ. தின்னு."

தேத்தண்ணி பால் இல்லாமல் வந்தது. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். கோத்தகிரியில் பால் ஊற்றாமல் டீ கொடுத்தால் வந்தவர் மரியாதைக் குறைவு என்று எழுந்து போவார். அங்கேயும் சுற்றிலும் தேயிலைதான், இங்கேயும் தேயிலைதான். நான் மூன்று வேளையும் உள்ளங்கையை நக்கிக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன்.

ஹட்டனுக்கு பஸ். பாட்டுச் சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. எந்த வங்கிக்குப் போவது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அரசாங்க உதவிப் பணம் வாங்குவதற்கு அக்கா ஒரு வங்கியில் கணக்கு வைத்திருக்கிறாள். தெரிந்த இடம், தெரிந்த முகங்கள், அறிமுகக் கையெழுத்தும் அக்காவே போட்டுவிடுவாள். அதைவிட வசதி என்ன இருக்கிறது என்று நினைத்தோம். எங்களைப் போல இரண்டு பேர் செய்யவே கூடாத காரியம் அதுதான் என்று அப்போது புத்தியில் படவில்லை.

கவுண்டரில் இருந்த பெண்ணின் பெயர் தர்ஷினி. இருபத்தைந்து வயது இருக்கலாம். அவளும் தோட்டத்துப் பிள்ளைதான், பேச்சிலேயே தெரிந்தது. என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"பொறந்த எடம் கொட்டகலன்னு போட்டிருக்கே. அப்ப நீங்க நம்ம ஊருங்களாம்மா?"

"அப்படித்தான் நானும் நெனச்சுக்கிட்டு இருக்கேன். நீங்கதான் வெளிநாட்டு ஃபாரத்தை நீட்டுறீங்க."

அவள் சிரித்துவிட்டாள். நீலகிரியில் எங்களுக்கு சிலோன்காரங்க என்று பெயர். ரேஷன் கடையில், பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரி ஸ்டாஃப் ரூமில் எல்லாம் நான் சிலோன்காரி. இங்கே லயத்துப் பிள்ளைகள் என்னை இந்தியாக்கார அம்மா என்கிறார்கள். எந்த ஊரிலும் அடுத்த ஊரின் பெயரால் கூப்பிடப்படுகிறவள் நான்.

விண்ணப்பத்தில் முதல் கட்டம், முழுப் பெயர். கருப்பையா பழனியம்மா என்று எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, தன் பெயர் எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் பெயர் மல்லிகா. பழனியம்மா என்பது அக்காவின் பெயர்.

தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டிருந்த காலம் அது. அப்பா இந்தியப் பிரஜாவுரிமைக்கு மனு எழுதியபோது நான் கைக்குழந்தை. என் பிறப்பை யாரும் பதியவில்லை. பிறப்புச் சான்று இருந்த மூத்தவளின் பெயரை மட்டும் மனுவில் சேர்த்தார்கள். சில வருடம் கழித்து குடும்பத்துக்கு ஒரே பாஸ்போர்ட் வந்தது. அதில் அப்பா, அம்மா, ஒரு மகள். வீட்டிலோ இரண்டு மகள்கள். நாட்டை விட்டுப் போவதற்கு நாள் குறித்துவிட்டார்கள். இன்னொரு மனு போட்டால் எத்தனை வருடம் ஆகுமோ. அக்காவுக்கு ஒன்பது வயது, எனக்கு ஆறு. சின்னவளை விட்டுவிட்டுப் போக முடியாது என்று அப்பா முடிவு செய்தார். அத்தைக்குப் பிள்ளை இல்லை. அக்காவை அத்தையிடம் விட்டார்கள். அக்காவின் பெயரை எனக்குச் சொல்லிக்கொடுத்து, யார் கேட்டாலும் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று மிரட்டி, கப்பலில் ஏற்றினார்கள்.

அங்கே போனதும் மனு போட்டு மூத்தவளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்பது திட்டம். மனு எழுதப் போனபோதுதான் அப்பாவுக்கு விஷயம் உறைத்தது. காகிதத்தின்படி அவருடைய மகள் பழனியம்மா ஏற்கெனவே இந்தியாவுக்கு வந்துவிட்டாள். வந்துவிட்டவளை எப்படிக் கூப்பிடுவது?

அப்படியே ஐம்பது வருடம் போய்விட்டது. பள்ளிக்கூடம், நர்சிங் படிப்பு, வேலை, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் நான் பழனியம்மா. அக்காவின் பிறந்த தேதியும் என்னோடு வந்ததால் என் நிஜ வயதுக்கு மூன்று வருடம் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிரிவு உபசார விழாவில் எல்லாரும், "மேடம், உங்களப் பார்த்தா அறுபதுன்னு சொல்லவே முடியாது" என்றார்கள். ஐம்பத்தேழு வயதுக்காரியைப் பார்த்தால் எப்படி அறுபது என்று சொல்ல முடியும்?

தர்ஷினி எல்லாவற்றையும் சரி பார்த்துவிட்டு, தங்கும் இடத்துக்குக் கடிதம் வேண்டும் என்றாள். தோட்டத்து ஆபீஸில் ஒன்று, கிராம சேவகரிடம் ஒன்று. அன்றைய பொழுது அதோடு முடிந்தது. ஹட்டனில் ஒரு கடையில் வடே வாங்கித் தின்றுகொண்டே பஸ்ஸுக்கு நின்றோம். எங்கள் வடையை இவர்கள் வடே என்கிறார்கள். மேலே ஒரு முழு இறாலைத் தலையோடு அழுத்தி வைத்துப் பொரித்துவிடுகிறார்கள். அது என்னையே பார்ப்பது போல இருந்தது. அக்கா என் இறாலையும் பிய்த்து எடுத்துத் தின்றாள்.

செவ்வாய்க்கிழமை கடிதத்துக்கு அலைந்தோம். மழை. பாதி ஏற்றத்தில் பஸ் நின்றுவிட்டது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். பிறகு பெண்களும் இறங்கித் தள்ளினோம். டிரைவர் மட்டும் இறங்கவில்லை, அவர் உள்ளேயிருந்து உற்சாகப்படுத்தினார். என் செருப்பு வார் அறுந்தது. ஊக்கு ஒன்றால் அதைச் சேர்த்துக் குத்திக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்து தோட்டத்து ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பெரிய கிளாக்கர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"விருந்தாளின்னா ஒரு மாசங்க. அதுக்கு மேல தங்குறதுன்னா தொரைகிட்ட கேக்கணும். லயம் தோட்டத்துக்குச் சொந்தம்."

"நான் இந்த லயத்துலதாங்க பொறந்தேன்."

"பொறந்தவங்க எல்லாம் இங்கயே இருந்திருந்தா லயம் பத்துமாங்கம்மா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. வாயைத் திறப்பதற்குள் அக்கா என் காலை மிதித்தாள், அதுவும் வார் அறுந்த காலை. பிறகு அவரிடம் குழைந்து குழைந்து பேசி, அவருடைய மகளின் படிப்பை விசாரித்து, கடிதத்தை வாங்கிவிட்டாள். ஒன்பது வயதிலிருந்து தனியாகக் காரியம் பார்த்துக்கொண்டவள் அவள். எனக்கு எல்லாவற்றையும் அப்பா செய்துகொடுத்தார்.

கிராம சேவகர் சிங்களவர், நல்ல மனிதர். அக்கா அவரோடு சிங்களத்தில் சரளமாகப் பேசினாள். நான் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் மொழிபெயர்த்துச் சொன்னாள். இந்த அம்மாவுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று அவர் கேட்டாராம். நான் பொறுப்பு என்று இவள் சொன்னாளாம். உங்களுக்கு ஏதாவது ஆனால் என்று கேட்டாராம். இந்த அம்மா நர்ஸ், அவங்க பார்த்துப்பாங்க என்றாளாம். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாராம். அந்தக் காகிதத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மழையில் நடந்தேன். அக்காவின் வீட்டு முகவரி என் முகவரி என்று ஒரு அரசாங்கக் காகிதம் முதல் தடவையாகச் சொல்லியிருந்தது.

புதன்கிழமை வங்கியில் தர்ஷினி கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் விவரங்களை ஏற்ற ஆரம்பித்தாள். பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர், பிறந்த இடம். ஒரு இடத்தில் அவள் விரல் நின்றது.

"அம்மா, ஒங்களுக்கு இந்த பேங்க்ல ஏற்கனவே கணக்கு இருக்கே."

"எனக்கா? நான் இந்த வாசல மிதிச்சதே முந்தாநாள்தான்."

"இல்லம்மா. கருப்பையா பழனியம்மா. அதே தேதி, கொட்டகல. அரசாங்க உதவிப் பணம் மாசாமாசம் வருதே."

அப்போதுதான் என் புத்தியில் பட்டது. திரும்பி அக்காவைப் பார்த்தேன். அக்கா பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். தர்ஷினி அட்டையைப் பார்த்தாள், பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"ரெட்டப் புள்ளைங்கம்மா நாங்க" என்றாள் அக்கா.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"

அக்கா பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவள். சொன்ன ஒரு பொய்யும் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

தர்ஷினி எங்களை மனேஜரிடம் அழைத்துப் போனாள். யாழ்ப்பாணத்துக்காரர், நரைத்த மீசை, நிதானமான குரல். காகிதங்களை அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அம்மா, இஞ்ச தோட்டங்களில இது நடக்கிறதுதான். ஒரே பேரில நாலு பேர் இருப்பினம். பிறந்த தேதியையும் ஆரோ கிளாக்கர் தன்ரை இஷ்டத்துக்கு எழுதியிருப்பான். அதுக்கு எங்களிட்ட ஒரு படிவம் இருக்கு. நாங்கள் வேற வேற ஆக்கள், எங்களுக்குள்ள ஒரு சொந்தமும் இல்லை எண்டு ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சால் காணும்."

"சொந்தக்காரங்களா இருந்தா?" என்று கேட்டேன்.

"அப்பிடியெண்டால் ரெண்டு பேற்றை பிறப்புச் சான்றிதழும் கொண்டு வாங்கோ. தலைமைக் கந்தோருக்கு அனுப்ப வேணும். அங்க விசாரிப்பினம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் உங்களிட்ட ஒண்டும் கேக்கேல்லை. நாளைக்குப் போயா, வங்கி பூட்டு. யோசிச்சு வெள்ளிக்கிழமை வாங்கோ."

வெளியே வந்தோம். பஸ் ஏறினோம். எனக்குப் பிறப்புச் சான்று என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. உண்மையைச் சொன்னால் என் பாஸ்போர்ட் கேள்விக்குறி, பென்ஷன் கேள்விக்குறி. பொய்யைச் சொன்னால் என் அக்கா எனக்கு அக்கா இல்லை.

போயா தினம். பௌர்ணமி என்றால் இலங்கையில் எல்லாம் மூடிவிடும். அன்று முழுக்க மூடுபனி விலகவே இல்லை. சாந்திக்கும் லீவு, அவள் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அக்கா வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவினாள். நான் எதிரே உட்கார்ந்து கிழங்குத் தோலை உரித்துக்கொண்டிருந்தேன்.

"உண்மையச் சொல்லிடலாங்கா. வர்றது வரட்டும்" என்றேன்.

"என்ன வரும்னு ஒனக்குத் தெரியுமா?"

"என்ன, ஏதாவது கேஸ் போடுவாங்க."

அக்கா துருவுவதை நிறுத்தவில்லை. "நீங்க போன லிஸ்ட்ல என் பேரு இருந்துச்சில்ல. அதனால இந்த நாட்டுக்காரன் என்னைப் போனவன்னு எழுதிட்டான். ஒங்க நாட்டுக்காரன் வந்தவன்னு எழுதிட்டான். நான் இங்கதான் இருந்தேன். முப்பது வருசம் அடையாள அட்ட கெடையாது. கல்யாணத்தப் பதிய முடியல. சண்ட நடந்தப்ப, புள்ளைக்கு ஆப்பரேசன்னு கொழும்புக்குப் போனேன். செக்பொயிண்ட்ல எறக்கி, நீ யாருன்னு கேட்டான். என்னத்தச் சொல்றது? புள்ளையத் தூக்கிக்கிட்டு அஞ்சு மணி நேரம் நின்னேன். சட்டம் மாறி அட்ட கெடைக்கிறப்ப எனக்கு நாப்பது வயசாகப் போகுது. அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம இருக்கிறது எப்பிடின்னு ஒனக்குத் தெரியாது மல்லிகா. தெரியவும் வேணாம்."

இதை அவள் அதற்கு முன் சொன்னதே இல்லை. இரண்டு பயணத்திலும் நான்தான் பேசித் தீர்த்திருக்கிறேன். கிழங்கைக் கீழே வைத்துவிட்டேன். கேட்கக் கூடாது என்று ஐம்பது வருடமாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"எங்க மேல கோவமே வரலியா ஒனக்கு?"

"ஒரு பெட்டி வச்சிருந்தேன்" என்றாள். "தகரப் பெட்டி. அப்பா எப்ப கூப்புட்டாலும் கெளம்பணும்னு ரெண்டு கவுன மடிச்சு உள்ள வச்சிருந்தேன். ரெண்டு வருசம் போச்சு. ஒரு தீபாவளிக்கு எடுத்துப் போட்டுப் பாத்தா ரெண்டும் பத்தல. அத்த அதப் பக்கத்து வீட்டுப் புள்ளைக்குக் குடுத்துருச்சு. அப்பத்தான் இனிமே கூப்புட மாட்டாங்கன்னு தெரிஞ்சுச்சு. அன்னைக்கு ஒரு நாளு கோவமா இருந்துச்சு."

நான் அழுதேன். அழுவதைத் தவிர என்ன செய்ய முடியும்? நீலகிரியில் அந்த இரண்டு வருடமும் அம்மா எனக்கு ரிப்பன் வாங்கும்போதெல்லாம் இரண்டு வாங்குவாள், ஒன்றைப் பீரோவில் வைப்பாள். அதை அக்காவிடம் சொன்னேன். அவள் தேங்காயைத் துருவிக்கொண்டே இருந்தாள். ஓடு வரை துருவிவிட்டாள். கறுப்புத் துகள் எல்லாம் விழுந்து அன்றைய சம்பல் நாசமாகப் போயிற்று. அதைத்தான் தின்றோம்.

மத்தியானம் அவள் ஒரு பழைய கொப்பியை எடுத்துக் கையெழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டை வாங்கும்போது கற்றுக்கொண்ட கையெழுத்து. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே மூச்சு வாங்குவாள். அவள் முடிவு செய்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஹட்டனில் நல்ல வெயில். மனேஜர் படிவத்தைத் தமிழில் உரக்க வாசித்தார். வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதியாம். மேற்படி கருப்பையா பழனியம்மாவும் நானும் ஒரே பெயருடைய வெவ்வேறு நபர்கள். எங்களுக்குள் இரத்த உறவோ வேறு உறவோ எதுவும் இல்லை. முகவரி ஒன்றாக இருந்ததால் அக்கா சொல்வதாக இன்னொரு வரியும் சேர்த்திருந்தார்: மேற்படி நபர் என் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்.

வாசித்து முடித்துவிட்டு அவர் ஜன்னலைப் பார்த்தார். தர்ஷினி மேசையில் இருந்த பேப்பர்களை அடுக்கினாள். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

அக்கா பேனாவை வாங்கினாள். ப, ழ, னி என்று ஒவ்வொன்றாக எழுதி, கடைசி எழுத்தின் காலை நீட்டி இழுத்து, பேனாவை என் பக்கம் தள்ளினாள்.

முப்பத்து நான்கு வருடம் கேஸ் ஷீட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை போட்ட கையெழுத்து அது. கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். அன்றைக்குப் பேனா காகிதத்தைத் தொடவே இல்லை. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரின் உறவினர்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று அதட்டிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கட்டத்துக்கு முன்னால் தயங்கி நின்றவர்களைச் சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டியிருக்கிறேன்.

"என்னால முடியலக்கா."

"போடு."

"அப்பா அம்மாவும் இல்ல. ஒனக்கு நான், எனக்கு நீ. அதயும் இல்லன்னு எழுதச் சொல்றியா?"

அக்கா என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மனேஜர் இருப்பதையோ தர்ஷினி இருப்பதையோ அவள் பார்க்கவில்லை.

"இங்க பாரு. அன்னைக்கு அப்பா தாள்ல நாம சேந்து இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? நான் ஒன் கூட வந்திருப்பேன். தாள்ல இல்ல, அதனால வர முடியல. இப்ப தாள்ல இல்லன்னு எழுதுனா நீ என் கூட இருக்கலாம்கிறாங்க. எனக்கு தாளு வேணாம், நீ வேணும். போடுடி."

போட்டேன். பழனியம்மாவுக்குக் கீழே பழனியம்மா.

மனேஜர் படிவத்தை எடுத்து, ஊதி, மடிக்காமல் கோப்பில் வைத்தார். "கணக்குத் திறந்தாச்சு அம்மா" என்றார். என் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ என்று இரண்டு கோப்பை வரவழைத்தார். பால் ஊற்றிய தேத்தண்ணி. நான் சந்தோஷப்பட வேண்டும். மூன்று பயணமாக ஏங்கியது கிடைத்துவிட்டது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். யாரோ எழுந்து அக்காவுக்கு இடம் கொடுத்தார்கள். அக்கா என்னையும் இழுத்து அந்த ஒரு இடத்தில் பாதிக்குப் பாதி உட்கார வைத்தாள். பஸ் நகர்ந்ததும் எனக்கு மறுபடியும் அழுகை வந்துவிட்டது. அக்கா முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்து, பஸ்ஸில் போய் அழுவார்களா என்று திட்டினாள். காய்கறிப் பையோடு பக்கத்தில் நின்ற ஒரு பெண் இரக்கப்பட்டுக் குனிந்தாள்.

"கூடப் பொறந்தவங்களா?"

அக்கா என் மடியில் இருந்த வங்கிப் பையைப் பார்த்தாள். அந்தக் காகிதத்தில் எழுதியதற்கு மாறாகச் சொன்னால், இந்த பஸ்ஸில் யாராவது கேட்டுவிட்டுப் போய் வங்கியில் சொல்லிவிடுவார்களோ என்று முப்பது வருடம் பயந்து வாழ்ந்தவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"இல்ல புள்ள" என்றாள். "எங்க வீட்டுல வாடகைக்கு இருக்கிறவங்க."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஐந்து நாளில் அவள் கண்ணில் நீரைப் பார்த்தது அப்போதுதான். போயா அன்று தகரப் பெட்டியைப் பற்றிச் சொன்னபோதுகூட அவள் அழவில்லை.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு எங்களிடம் வந்து, நீங்கள் எங்கே, அவர்கள் எங்கே என்று கேட்டார்.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். "ரெண்டு டிக்கெட்டு குடுங்க. ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் எறங்குறோம்."